பழைய கார்களும் ஏ.பி.எஸ். பிரேக்கும் - ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

ஒரு காரை வேகமாக ஓட வைப்பது பெரிய காரியம் அல்ல. ஓடுகிற காரை வேண்டிய இடத்தில், நேராக, யார் மேலும் மோதாமல் நிறுத்துவதுதான் பெரிய காரியம். மோட்டார் கார் பிறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் எஞ்சினைப் பற்றிப் பேசப்படும் அளவுக்குப் பிரேக்கைப் பற்றிப் பேசப்படுவதில்லை. புதிய கார் வாங்குபவர் மைலேஜ் எவ்வளவு, ஏ.சி. எப்படி என்று கேட்பார். பிரேக் எப்படி என்று கேட்பவர் குறைவு. விபத்து நடந்த பிறகுதான் பிரேக் நினைவுக்கு வருகிறது.

ஆன்ட்டி லாக் பிரேக்கிங் சிஸ்டம் என்பதன் சுருக்கமே ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு என்று தமிழில் சொல்லலாம். இன்று இந்தியாவில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். ஆனால் சாலையில் ஓடுபவை புதிய கார்கள் மட்டுமா? பத்து, இருபது ஆண்டு பழைய கார்களும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அந்தப் பழைய கார்களுக்கு ஏ.பி.எஸ். தேவையா, இல்லாமல் ஓட்டுவது ஆபத்தா, இருந்தால் அதனால் வரும் தொல்லைகள் என்ன என்பவற்றை இக்கட்டுரை வரலாற்றோடு சேர்த்து ஆராய்கிறது.

நெய்வேலியும் இந்தியக் காரும்

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியத்தின் வரலாறும் இந்திய மோட்டார் தொழிலின் வரலாறும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதே 1957-58 காலத்தில்தான் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசடர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசைதான் அம்பாசடருக்கு மூலம்.

1961 ஆகஸ்டில் நெய்வேலியில் மண்ணுக்கு அடியிலிருந்த பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-ல் முதல் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. அதே 1962-ஆம் ஆண்டில் சென்னை பாடியில் பிரேக் தயாரிப்பதற்காக இரண்டு கம்பெனிகள் உருவாயின. அவற்றின் கதை பின்னால் வருகிறது.

நெய்வேலி திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள், மரங்கள் நிறைந்த அகலமான சாலைகள். ஊருக்குள் வேகமாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் நிலைமை வேறு. ஒரு பக்கம் வடலூர், மறுபக்கம் பண்ருட்டி, இன்னொரு பக்கம் மந்தாரக்குப்பம் வழியாக விருத்தாசலம். பஸ், லாரி, டிராக்டர், சைக்கிள், மாடு எல்லாம் ஒரே சாலையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையோரச் செம்மண் கரைந்து தார் மேல் படியும். பிரேக்கின் அருமை அங்கேதான் தெரியும்.

சக்கரம் பூட்டிக்கொள்வது என்றால் என்ன?

கார் நிற்பது பிரேக்கால் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பு. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட காரை அப்படி நான்கு உள்ளங்கைகள்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

பிரேக்கை மெதுவாக மிதிக்கும்போது சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறைகிறது. பயந்து போய் ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும். ஆனால் கார் நிற்காது. சுற்றாத சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டே போகும். இதைத்தான் சக்கரம் பூட்டிக்கொண்டது என்கிறோம். தார்ச் சாலையில் கறுப்பாக நீளும் இரண்டு கோடுகள் இதன் அடையாளம்.

இதனால் மூன்று கெடுதல்கள் உண்டு. ஒன்று, வழுக்கும் டயருக்கு உருளும் டயரை விடப் பிடிப்பு குறைவு. சக்கரத்தின் வேகம் காரின் வேகத்தை விடச் சுமார் 10 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருக்கும் நிலையில்தான் தார்ச் சாலையில் பிடிப்பு அதிகம். இரண்டு, முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் வேலை செய்யாது. எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். மூன்று, பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் காரின் பின்பகுதி சுழன்று முன்னே வந்துவிடும்.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் கார் 16.7 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல காய்ந்த சாலையில் (உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால்) நிற்க 20 மீட்டர் வேண்டும். மழையில் நனைந்து உராய்வு 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர் வேண்டும். மொத்தம் 52 மீட்டர்! அதற்குள் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

விமானத்தில் வளர்ந்த கருவி

சக்கரம் பூட்டிக்கொள்ளும் பிரச்சினை முதலில் ரயிலில்தான் கவனிக்கப்பட்டது. பூட்டிய இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும். 1908-லேயே ரயில் சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் ஒரு கருவி யோசிக்கப்பட்டது. 1936-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மோட்டார் வண்டிச் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றது. ஆனால் காகிதத்தில் இருந்ததைக் கருவியாக்க அன்றைய தொழில்நுட்பம் போதவில்லை.

முதலில் வெற்றி கண்டது விமானத்தில்தான். விமானம் தரையிறங்கும்போது விமானிக்குச் சக்கரம் தெரியாது. பூட்டிக்கொண்டால் டயர் வெடிக்கும். இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் மாக்சாரெட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. இதில் கம்ப்யூட்டர் கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு சிறிய கனமான உருளை இருக்கும். சக்கரம் திடீரென்று நின்றால் இந்த உருளை மட்டும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வித்தியாசம் ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். சக்கரம் மீண்டும் சுற்றத் தொடங்கியதும் வால்வு மூடும். எளிய யோசனை, பெரிய பயன். விமானம் நிற்கும் தூரம் 30 சதவீதம் வரை குறைந்தது.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. 1958-ல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடம் இதே மாக்சாரெட் கருவியை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. அந்த மோட்டார் சைக்கிள் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார். சோதனை நன்றாகவே வந்தது. வழுக்கும் தரையில் நிற்கும் தூரம் கணிசமாகக் குறைந்தது. ஆனால் கம்பெனி அதில் அக்கறை காட்டவில்லை. கருவி விற்பனைக்கு வரவில்லை. அதே ராயல் என்ஃபீல்டு 1955 முதல் சென்னையில் தயாராகத் தொடங்கியிருந்தது. சென்னையில் தயாராகும் புல்லட்டில் ஏ.பி.எஸ். வர அதன்பின் அறுபது ஆண்டுகள் ஆயின!

காருக்கு வந்த கதை

1966-ல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்.எஃப். என்ற காரில் மாக்சாரெட் பொருத்தப்பட்டது. விற்பனைக்கு வந்த கார்களில் இதுவே இந்த வகையில் முதல். ஆனால் விலை மிக அதிகம். மொத்தம் 320 கார்கள்தான் செய்யப்பட்டன. 1971-ல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் நான்கு சக்கரத்துக்கும் மின்னணு முறையில் ஏ.பி.எஸ். கொடுத்தது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

தடையாக இருந்தது எலெக்ட்ரானிக்ஸ். அன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் உதிரி பாகங்கள் இருந்தன. வெயில், அதிர்வு, ஈரம் தாங்காமல் அவை அடிக்கடி பழுதாயின. டிஜிட்டல் சிப் வந்த பிறகு அந்த ஆயிரம் 140 ஆகக் குறைந்தது. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். மெர்சிடஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் காரில் வந்தது. இன்றைய ஏ.பி.எஸ். அனைத்துக்கும் அதுவே முன்னோடி எனலாம்.

இது வேலை செய்யும் முறை இதுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பல் வளையமும் அதன் அருகே ஒரு சென்சாரும் இருக்கும். சக்கரம் சுற்றும் வேகத்தைச் சென்சார் சொல்லும். ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று வேகம் குறைந்தால் அது பூட்டப் போகிறது என்று பொருள். உடனே கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வு மூலம் குறைக்கும். சக்கரம் சுற்றியதும் மறுபடி கூட்டும். இது விநாடிக்குப் பல முறை நடக்கும். பிரேக் பெடல் காலுக்கு அடியில் டக டக என்று உதறுவது இதனால்தான்.

1985-ல் ஐரோப்பாவில் ஃபோர்டு ஸ்கார்ப்பியோ காரின் எல்லா மாடல்களிலும் ஏ.பி.எஸ். கொடுக்கப்பட்டது. 1986-ல் ஃபோர்டு எஸ்கார்ட்டில் லூகாஸ் கர்லிங் நிறுவனம் கம்ப்யூட்டரே இல்லாத, விலை குறைந்த ஓர் இயந்திர ஏ.பி.எஸ். கொண்டுவந்தது. 2004 ஜூலை முதல் ஐரோப்பியக் கார் கம்பெனிகள் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கொடுக்க ஒப்புக்கொண்டன.

அவசரப்பட்ட சட்டம்

நல்ல கருவி என்றால் உடனே சட்டம் போட்டுவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. 1975-ல் ஏர் பிரேக் உள்ள லாரிகள் நிற்கும்போது சக்கரம் பூட்டக்கூடாது என்று விதி வந்தது. அன்றைய நிலையில் அதற்கு ஏ.பி.எஸ். வைத்தே ஆக வேண்டும். ஆனால் கருவிகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. லாரி கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1978-ல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. தவறு ஏ.பி.எஸ். என்ற யோசனையில் இல்லை. பக்குவப்படாத கருவியைக் கட்டாயப்படுத்தியதில்தான் தவறு. பழைய கார் விஷயத்திலும் இந்தப் பாடம் நினைவில் வைக்கத்தக்கது.

தமிழ்நாட்டின் பங்கு

1962-ல் பாடியில் தொடங்கப்பட்ட கம்பெனிகளில் ஒன்று பிரேக்ஸ் இந்தியா. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. கார்களுக்கான ஹைட்ராலிக் பிரேக் இதன் வேலை. இன்னொன்று சுந்தரம் கிளேட்டன். இங்கிலாந்தின் கிளேட்டன் டெவாண்டர் நிறுவனத்தோடு கூட்டு. லாரி, பஸ்களுக்கான ஏர் பிரேக் இதன் வேலை. தரத்துக்காக ஜப்பானின் டெமிங் விருதை 1998-ல் இதன் பிரேக் பிரிவு பெற்றது. 2008-ல் பிரேக் பிரிவு தனியாகி வாப்கோ டி.வி.எஸ். ஆனது. லாரிக்கான நவீன ஏ.பி.எஸ்.ஸை 1981-ல் முதலில் கொண்டுவந்தது இதே வாப்கோதான். 2020-ல் வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் வாங்கியது.

மோட்டார் சைக்கிளில் ஓசூர் முந்திக்கொண்டது. டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2011-ல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180 வண்டியில் ஏ.பி.எஸ். கொடுத்தது.

ஆனால் கார் வாங்குபவர்களுக்கு இது எளிதில் கிடைக்கவில்லை. அம்பாசடருக்கு 2014-ல் தயாரிப்பு நின்ற நாள் வரை ஏ.பி.எஸ். வரவில்லை. அதே ஆண்டில் நின்ற மாருதி 800-க்கும் வரவில்லை. மற்றக் கார்களில் 2000-களில் இது விலை உயர்ந்த மாடலில் மட்டும் கிடைத்தது. உயிரைக் காக்கும் பிரேக் வேண்டும் என்றால் அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கையில் பணம் குறைவாக உள்ளவர் சாதாரண மாடலை வாங்கினார். அந்தக் கார்கள்தான் இன்று பழைய கார் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் படிப்படியாக வந்தது. 2015-ல் கனரக பஸ், லாரிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2018 ஏப்ரலில் புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரலில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. 125 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கும் அதே தேதிகள்தான். 1978-ல் மெர்சிடஸ் காரில் வந்தது சாதாரண இந்தியக் காருக்கு வர 41 ஆண்டுகள் ஆயின.

ஏ.பி.எஸ்.ஸின் நன்மைகள்

1. பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பலாம். குறுக்கே வந்த சைக்கிளைத் தவிர்க்கலாம். ஏ.பி.எஸ்.ஸின் முதல் நன்மை இதுதான். சீக்கிரம் நிற்பது இரண்டாவதுதான்.

2. நனைந்த தார்ச் சாலையில் நிற்கும் தூரம் பெரும்பாலும் குறைகிறது.

3. ஒரு பக்கச் சக்கரம் தாரிலும் மறுபக்கம் மணலிலும் இருக்கும்போது, ஏ.பி.எஸ். இல்லாத கார் சுழலக்கூடும். ஏ.பி.எஸ். அதைத் தடுக்கிறது. பஸ்ஸுக்கு வழி விட்டு ஓரம் கட்டும் நம் ஊர்ச் சாலைகளில் இந்த நிலை அடிக்கடி வரும்.

4. டயர் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து தட்டையாவதில்லை.

5. பதற்றத்தில் மனிதன் செய்யும் தவறை இயந்திரம் திருத்துகிறது. அனுபவம் உள்ள டிரைவரும் பதறும் நேரம் உண்டு.

ஏ.பி.எஸ்.ஸின் தீமைகள்

1. ஜல்லி, மணல், தளர்ந்த மண் போன்ற தரையில் ஏ.பி.எஸ். உள்ள கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். பூட்டிய சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நிற்கும். ஏ.பி.எஸ். அப்படிக் குவிய விடாது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நால்வழிச் சாலை வேலை பல ஆண்டுகள் இழுத்தபோது நெய்வேலி வழியே போனவர்கள் ஜல்லி கொட்டிய மாற்றுப்பாதைகளை அறிவார்கள். அத்தகைய இடத்தில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

2. மனிதனின் அசட்டுத் துணிச்சல். 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதி டாக்சிகளில் ஏ.பி.எஸ்., பாதியில் இல்லை. மற்றபடி எல்லாம் ஒன்றே. ஏ.பி.எஸ். டாக்சிகளில் விபத்து குறையவில்லை. நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் டிரைவர்கள் முரட்டுத்தனமாக ஓட்டியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

3. எதிர்பார்த்த அளவு உயிர்கள் மிஞ்சவில்லை. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2009-ல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு ஒன்று, ஏ.பி.எஸ்.ஸால் கார்களின் உயிரிழப்பு இல்லாத விபத்துகள் 6 சதவீதம் குறைந்ததாகவும், உயிரிழப்பு விபத்துகளில் நிகர மாற்றம் கிட்டத்தட்ட இல்லை என்றும் சொன்னது. ஆனால் ஏ.பி.எஸ். இல்லாமல் இ.எஸ்.சி. எனப்படும் சறுக்கல் தடுப்பு அமைப்பு வந்திருக்காது. அது பல உயிர்களைக் காத்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. பழுது பார்க்கும் செலவு. சாதாரணப் பிரேக்கை ரோட்டோர மெக்கானிக் சரி செய்துவிடுவார். ஏ.பி.எஸ். யூனிட் போனால் அது முடியாது. பழைய காரின் விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடலாம்.

பழைய கார்களில் இரண்டு வகை

பழைய கார் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வகை உண்டு. ஏ.பி.எஸ். இல்லாமலே பிறந்தவை ஒரு வகை. ஏ.பி.எஸ்.ஸோடு பிறந்து வயதானவை மறு வகை. இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

முதல் வகைக்கு, புதிதாக ஏ.பி.எஸ். பொருத்தலாமா என்ற கேள்வி வருகிறது. நான்கு சக்கரத்திலும் பல் வளையமும் சென்சாரும் வைக்க இடம் வேண்டும். அந்தக் காரின் எடை, பிரேக் அளவு, டயர் ஆகியவற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் நிரல் எழுதிப் பல நாள் சோதிக்க வேண்டும். கம்பெனிகள் பல மாதம் செய்யும் வேலை இது. ஒர்க்ஷாப்பில் முடியாது. மேலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது.

மலிவாக ஏ.பி.எஸ். வைத்துத் தருகிறோம் என்று ஏமாற்றியவர்களும் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் பிரேக் குழாயில் மாட்டும் ஒரு சிறு கருவி ஏ.பி.எஸ். என்று விற்கப்பட்டது. அதில் சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. 1998-ல் அமெரிக்க வணிக ஆணையம் அதை ஏ.பி.எஸ். என்று சொல்லி விற்கக்கூடாது என உத்தரவிட்டது.

ஆகவே ஏ.பி.எஸ். இல்லாத பழைய காருக்கு உள்ள நல்ல வழி, இருக்கிற பிரேக்கை ஒழுங்காக வைத்திருப்பதே. நான்கு டிரம்மிலும் லைனிங் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். வீல் சிலிண்டரில் கசிவு இருக்கக்கூடாது. மொட்டை டயரோடு மழையில் ஓட்டக்கூடாது. ஏ.பி.எஸ். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசியில் தரையைப் பிடிப்பது டயர்தான். வழுக்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கும் பழைய டிரைவர்களின் வழக்கம் மிகச் சரியானது. ஏ.பி.எஸ். செய்வதை அவர்கள் காலால் செய்தார்கள்.

இரண்டாம் வகையில் நடப்பது வேறு. பத்து ஆண்டில் சென்சாரில் சேறும் இரும்புத் துகளும் படியும். வீல் பேரிங் ஆடினால் சென்சாரின் இடைவெளி மாறும். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் விலை உயர்ந்த வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றினால் பெரிய செலவைத் தவிர்க்கலாம்.

டாஷ்போர்டில் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் சிலர் ஃபியூசைப் பிடுங்கிவிடுகிறார்கள், அல்லது பல்பைக் கழற்றிவிடுகிறார்கள். இது தவறு. பெரும்பாலான கார்களில் ஏ.பி.எஸ். பழுதானாலும் சாதாரணப் பிரேக் வேலை செய்யும். ஆனால் முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையையும் ஏ.பி.எஸ். யூனிட்டே செய்யும் கார்களில், அது நின்றால் பின் சக்கரம் முதலில் பூட்டக்கூடும். மஞ்சள் விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் காரை ஓட்டவே கூடாது. பல நேரங்களில் பழுது ஒரு சென்சாரின் வயரில்தான் இருக்கும். அதற்குச் செலவு குறைவு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டில் பழைய கார் ஒன்று, புதிய கார் ஒன்று இருந்தால் கால் பழக்கம் குழம்பும். ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் உதறுகிறதே என்று பயந்து காலை எடுத்தால் நிற்காது. ஏ.பி.எஸ். இல்லாத காரில் அப்படி அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டும். எந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவு டிரைவருக்கு வேண்டும்.

ஓட்டுவதா, உடைப்பதா?

2022 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு, பொதுத்துறை வாகனங்களின் பதிவு ரத்து செய்யப்பட்டு அவை உடைப்புக்குப் போகும் என்று விதி வந்தது. நெய்வேலி போன்ற பொதுத்துறை ஊருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அம்பாசடர் நின்றது 2014-ல். கணக்குப் பார்த்தால் 2029-க்குப் பின் எந்த அரசு அலுவலக வாசலிலும் அம்பாசடர் நிற்க முடியாது.

பழைய இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி நெய்வேலிக்குப் புதிதல்ல. 1962-ல் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பரோடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அது ஓடியதற்குக் காரணம் தொடர்ந்து பார்த்த பராமரிப்பு. கடைசியில் நிறுத்த வேண்டிய நாளும் வந்தது. காருக்கும் இதே நியாயம்தான்.

ஆனால் அரசு வண்டிக்கு மாற்று வண்டி அரசு கொடுக்கும். சேமிப்பில் பழைய கார் வாங்கிய குடும்பத்துக்கு யார் கொடுப்பார்கள்? அந்தக் காரும் இல்லாவிட்டால் அவர்கள் ஏறப் போவது இரு சக்கர வண்டியில்தான். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். நாட்டிலேயே இது அதிகம். ஏ.பி.எஸ். இல்லாத பழைய காரை விட்டுப் பிள்ளைகளோடு பைக்கில் போவது பாதுகாப்பு ஆகாது.

இதைவிடக் கவலை தருவது ஒன்று. 2019 விதி 125 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸைக் கட்டாயமாக்கவில்லை. முன், பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். போதும் என்றது. சுற்றுக் கிராமங்களிலிருந்து நெய்வேலிக்கு ஷிப்ட் வேலைக்கு வரும் தொழிலாளிகள் பெரும்பாலும் ஓட்டுவது அந்தச் சிறிய வண்டிகளைத்தான். 1958-ல் ஒரு மோட்டார் சைக்கிளில் சோதித்து வெற்றி கண்ட கருவி, அறுபது ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் கைக்கு வரவில்லை.

முடிவுரை

ஏ.பி.எஸ். நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மந்திரம் அல்ல. மொட்டை டயரையும், தேய்ந்த லைனிங்கையும், அளவுக்கு மீறிய வேகத்தையும் அது ஈடுகட்டாது. புதிதாகவோ பழையதாகவோ கார் வாங்குபவர் ஏ.பி.எஸ். உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏற்கெனவே ஏ.பி.எஸ். உள்ள பழைய கார் வைத்திருப்பவர் அதைப் பழுதாக விடக்கூடாது. ஏ.பி.எஸ். இல்லாத பழைய கார் வைத்திருப்பவர் பயப்பட வேண்டாம். ஆனால் முன்னே போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே இடம் விட வேண்டும், மழையில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மேலே பார்த்த கணக்கை மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள். நனைந்த சாலையில் 52 மீட்டர் என்பது சுமார் 27 மீட்டராகக் குறையும். எந்தப் பிரேக்கும் இவ்வளவு குறைக்காது. இதற்குச் செலவும் இல்லை, சட்டமும் தேவையில்லை. வலது காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.